கணினியின் அடிப்பக்கம்

திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் கேரள அரசின் பள்ளிக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், 2022 டிசம்பரில் மாநிலத்தின் 2,000 பள்ளிகளுக்கு 9,000 ரோபாட்டிக்ஸ் பெட்டிகளை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பெட்டிக்குள் ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை, எல்இடி விளக்குகள், சிறிய சர்வோ மோட்டார், ஒளியுணர்வி, அகச்சிவப்பு உணர்வி, பஸ்ஸர், பிரெட்போர்டு எல்லாம் இருந்தன. பலகையில் உள்ள சில்லு எட்டு பிட் வகையைச் சேர்ந்தது. அதன் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், தரவுக்கான நினைவகம் வெறும் 2 கிலோபைட். இன்று கடையில் கிடைக்கும் மலிவான ஸ்மார்ட்போனில்கூட இதைப்போலப் பத்து லட்சம் மடங்கு நினைவகம் இருக்கிறது. அது மட்டுமல்ல, 1984-இல் இந்திய அரசு பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கிய கணினியில்கூட 32 கிலோபைட் இருந்தது, அதாவது பதினாறு மடங்கு. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாநில அரசு அதைவிடச் சிறிய நினைவகம் கொண்ட பொறியைப் பிள்ளைகளுக்காக வாங்குகிறது என்றால், பின்னோக்கிப் போய்விட்டோமா என்று கேட்கத் தோன்றும். இல்லை என்பதே என் வாதம். ஒரு பொறி எந்த அளவுக்குக் கற்பிக்கும் என்பதை அதன் வேகத்தையும் நினைவகத்தையும் வைத்துக் கணிக்க முடியாது. வெளியே உள்ள ஒரு மின்னழுத்தத்தை உள்ளே வாங்கவும், உள்ளே உள்ள ஒரு பிட்டை வெளியே ஒரு கம்பியில் கொண்டுவரவும் அது எவ்வளவு நேராக வழிவிடுகிறது என்று பார்க்க வேண்டும். எட்டு பிட் வீட்டுக் கணினிகளின் வன்பொருளைக் கவனமாகப் படித்தால் இதற்கான சான்றுகள் கிடைக்கின்றன. அவற்றில் முதலில் படிக்க வேண்டியது நம் பள்ளிகளுக்கே வந்த கணினிதான்.

1984-85 கல்வியாண்டில் மத்தியக் கல்வி அமைச்சகமும் மின்னணுத் துறையும் சேர்ந்து ‘கிளாஸ்’ என்ற கணினியறிவுத் திட்டத்தை ஏறத்தாழ 250 பள்ளிகளில் சோதனை முறையில் தொடங்கின. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம், பிபிசி தொலைக்காட்சியின் கணினிக் கல்வி நிகழ்ச்சிகளுக்காக வடிவமைத்து 1981 டிசம்பரில் வெளியிட்ட கணினி இது. 1980-இல் வந்த ஆட்டம், பிபிசி மைக்ரோவின் ஏ, பி மாடல்கள், 1983-இன் எலெக்ட்ரான், 1985-இன் பி பிளஸ், 1986-இன் மாஸ்டர் என்று அந்தக் குடும்பம் நீண்டது. எல்லாவற்றுக்கும் உள்ளே 6502 வகைச் செயலிதான். மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான எஸ்சிஎல், பிபிசி மைக்ரோவை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இந்தியாவிலேயே தயாரித்தது. திட்டம் விரிந்தபோது 12,000-க்கும் மேற்பட்ட கணினிகள் 2,500-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போயின. வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்கு ஏறத்தாழ ஐந்து.

மேசைமேல் இருக்கும் பிபிசி மைக்ரோவைப் பார்ப்பவருக்கு அது தடித்த விசைப்பலகையாகவே தெரியும். பின்பக்கத்தில் தொலைக்காட்சிக்கும் மானிட்டருக்கும் கேசட் ரிக்கார்டருக்கும் உரிய துளைகள் உண்டு. பொறியைப் புரட்டினால்தான் சங்கதி விளங்கும். முன்விளிம்பின் அடியில் தட்டைக் கம்பிப் பட்டைகளைச் செருகும் இணைப்பிகள் வரிசையாக இருக்கின்றன. வட்டு இயக்கிக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, ‘யூசர் போர்ட்’ ஒன்று, 1 மெகாஹெர்ட்ஸ் பஸ் ஒன்று, ‘டியூப்’ ஒன்று. இவற்றில் யூசர் போர்ட் என்பது பயனர் தன் விருப்பப்படி எதையும் இணைத்துக்கொள்வதற்கென்றே விடப்பட்ட இடம். இருபது ஊசிகளில் எட்டு தரவுக்கு, இரண்டு கட்டுப்பாட்டுக்கு, மீதி 5 வோல்ட்டுக்கும் பூமிக்கும். அதன் பின்னால் இருப்பது 6522 என்ற இடைமுகச் சில்லு. செயலியின் கண்ணுக்கு அந்தச் சில்லும் நினைவகத்தின் ஒரு பகுதியே. 65122 என்ற முகவரியில் திசைப் பதிவகம், 65120 என்ற முகவரியில் தரவுப் பதிவகம். கணினியைப் போட்டவுடன் வரும் பேசிக் மொழியில் ?65122=255 என்று தட்டினால் எட்டுக் கம்பிகளும் வெளியீடாக மாறும். அடுத்து ?65120=1 என்று தட்டினால் முதல் கம்பியில் மின்னழுத்தம் ஏறும். 6522 தரக்கூடிய மின்னோட்டம் சிறியது. ஆகவே ஒரு பிசி547 டிரான்சிஸ்டரையும் இரண்டு மின்தடைகளையும் இடையில் வைத்தால் ஓர் எல்இடி விளக்கு எரியும். ?65120=0 என்றால் அணையும். வேறு எந்த மென்பொருளும் இங்கே தேவையில்லை. டிரைவர் நிறுவ வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஓர் எண்ணை ஓர் இடத்தில் எழுதினோம், உலகத்தில் ஒன்று மாறியது. இந்தக் காரண காரியத் தொடர்பைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிடக் குறைந்த படிகளில் காட்ட முடியாது.

எரியவைப்பதைவிட அளப்பது கடினமான வேலை. அறிவியல் கல்விக்கு அதுதான் அதிகம் உதவும். பிபிசி மைக்ரோவின் பின்பக்கத்தில் பதினைந்து ஊசி கொண்ட ஓர் அனலாக் உள்ளீடு இருந்தது. அதை இயக்கியது 7002 என்ற சில்லு. நான்கு தடங்களில் வரும் மின்னழுத்தத்தை மாறி மாறி எண்ணாக்கித் தரும் இந்தச் சில்லு, ஓர் அளவுக்கு ஏறத்தாழ 10 மில்லி நொடி எடுத்துக்கொள்ளும். பெயரளவில் 12 பிட் நுட்பம், நம்பத்தக்கது 10 பிட். முழு அளவு 1.8 வோல்ட். இதை 1,024 கூறாக்கினால் ஒரு கூறு 1.8 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. நம் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எல்எம்35 வெப்ப உணர்வி ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஆக, அந்தப் பழைய கணினி 0.2 டிகிரிக்கும் நுட்பமாக வெப்பத்தை உணரும். ஆர்டுயினோ ஊனோவிலும் 10 பிட் மாற்றிதான். ஆனால் அதன் இயல்பான முழு அளவு 5 வோல்ட் என்பதால் ஒரு கூறு ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட், அதாவது அரை டிகிரி. ஊனோவை அதன் உள்ளிருக்கும் 1.1 வோல்ட் ஒப்பளவுக்கு மாற்றினால் அது 0.1 டிகிரிக்கு இறங்கும் என்பதும் உண்மை. அளக்கும் வேகத்திலும் ஊனோ நூறு மடங்கு முந்தும். நான் ஒப்பிடுவது எது உயர்ந்தது என்று தீர்ப்பளிக்க அல்ல. இரண்டும் ஒரே வகைப் பொறிகள், ஒரே வகைக் கேள்வியை எழுப்புகின்றன என்பதற்காக.

பிபிசி மைக்ரோவின் 1.8 வோல்ட் ஒப்பளவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவையாகிறது. மூன்று சாதாரண சிலிக்கான் டயோடுகளைத் தொடராக இணைத்து, அவற்றின் குறுக்கே விழும் மின்னழுத்தத்தையே ஒப்பளவாக வைத்திருந்தார்கள். மலிவான வழி. ஆனால் சிலிக்கான் டயோடின் மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். மூன்றுக்கும் சேர்த்து 6. கணினி ஓடி ஓடி, பெட்டிக்குள் பத்து டிகிரி சூடேறினால் ஒப்பளவு 3 விழுக்காட்டுக்கு மேல் சரியும். அப்போது 30 டிகிரியில் இருக்கும் அறையைப் பொறி 31 டிகிரி என்று சொல்லும். இது குறைதான். அனலாக் உள்ளீட்டை முதன்மையாக விளையாட்டுக் கைப்பிடிகளுக்காக வைத்ததால் வந்த குறை. ஆனால் அந்தக் குறையும் சுற்று வரைபடத்தில் வெளிப்படையாக இருந்தது. 1983-இல் வெளிவந்த விரிவான கையேட்டை வாங்கியவர், டயோடுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, காலையில் ஒருமுறையும் பொறி சூடான பிறகு ஒருமுறையும் ஒரு சாதாரண வெப்பமானியோடு ஒப்பிட்டு அளவைச் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. அளக்கும் கருவியே அளவைப் பிழையாக்கும் என்ற இயற்பியலின் முக்கியப் பாடம் இங்கே கைக்கு எட்டும் தொலைவில் கிடக்கிறது. ஆண்டு முழுதும் வெக்கையும் ஈரமும் குறையாத திருவனந்தபுரம் போன்ற ஊரில் இந்தப் பாடம் இன்னும் தெளிவாகவே நடக்கும்.

நேரம் பற்றியும் இதே அளவு சொல்ல இருக்கிறது. எட்டு பிட் வீட்டுக் கணினிகளில் பலவற்றுக்கும் ஒரு பொதுச் சிக்கல் உண்டு. நிரலும் திரைப்படிமமும் ஒரே நினைவகத்தில்தான் இருக்கும். செயலியும் அதைப் படிக்க வேண்டும், திரையை வரையும் சுற்றும் நொடிக்கு ஐம்பது முறை அதைப் படிக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கை நீட்டினால் யாராவது காத்திருக்க வேண்டும். பிரிட்டனின் புகழ்பெற்ற இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் காத்திருந்தது செயலி. திரைக்கான நேரம் வந்தால் அதன் கடிகாரத்தையே நிறுத்திவைத்தார்கள். பிபிசி மைக்ரோவின் வடிவமைப்பாளர்கள் வேறு வழி கண்டார்கள். 6502 செயலி தன் ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம்தான் நினைவகத்தைத் தொடும். அதன் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுழற்சி 500 நானோ நொடி. நினைவகத்தை அதன் இரட்டை வேகத்தில், 4 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் முதல் 250 நானோ நொடி திரைக்கு, அடுத்த 250 செயலிக்கு. ஒரே கிணற்றில் இரண்டு வாளிகள், ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது, யாரும் நிற்பதில்லை. இதற்கு அந்தக் காலத்தில் அரிதான வேகமான நினைவகச் சில்லுகள் தேவைப்பட்டன, விலையும் கூடியது. ஆனால் இன்னொரு லாபமும் சேர்ந்தே வந்தது. அவ்வகை நினைவகச் சில்லுகளைச் சில மில்லி நொடிகளுக்கு ஒருமுறை படித்துப் புதுப்பிக்காவிட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். திரைச் சுற்று ஓயாமல் படித்துக்கொண்டே இருப்பதால் புதுப்பிக்கும் வேலை தானாக நடந்தது.

இதனால் கல்விக்கு என்ன? திரையில் என்ன ஓடினாலும் நிரலின் வேகம் மாறாது. ஒரு கட்டளை எத்தனை சுழற்சி எடுக்கும் என்பது கையேட்டில் அச்சாகியிருக்கும், அதைக் கூட்டினால் மைக்ரோ நொடிக் கணக்கில் நேரம் தெரியும். 6522 சில்லுக்குள் வேறு இரண்டு பதினாறு பிட் நேரங்காட்டிகள் இருந்தன. ஒரு மீட்டர் நீள ஊசல் ஒரு முறை போய்வர ஏறத்தாழ 2 நொடி ஆகும். அதன் பாதையில் ஓர் ஒளியுணர்வியை வைத்து யூசர் போர்ட்டின் ஒரு கம்பியில் இணைத்தால், நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் கைவிரலின் தடுமாற்றம் இல்லாமல் அந்தக் காலத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடலாம். பத்துப் பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறை ஏட்டில் ஏற்கெனவே இருந்த பாடம்தான் இது. பிரிட்டனில் இந்த வழியில் பொறியைப் பயன்படுத்தினார்கள். யூசர் போர்ட்டிலும் அனலாக் உள்ளீட்டிலும் செருகி ஓட்டும் ‘பிபிசி பக்கி’ என்ற சிறு வண்டி 1983-இலேயே பள்ளிகளுக்கென விற்பனைக்கு வந்தது.

இந்தக் குடும்பத்துக்குள்ளேயே ஓர் இயற்கைச் சோதனையும் நடந்திருக்கிறது. 1983-இல் ஏகார்ன், எலெக்ட்ரான் என்ற மலிவுப் பதிப்பை 199 பவுண்டுக்கு விற்றது. பிபிசி மைக்ரோ மாடல் பி அப்போது 399 பவுண்டு. செயலி அதே 6502, பேசிக் மொழி அதே, 32 கிலோபைட் நினைவகமும் அதே. விலையைக் குறைக்கப் பல சில்லுகளின் வேலையை ஒரே பெரிய சில்லுக்குள் அடக்கினார்கள். நினைவகத்தை நான்கு பிட் அகலமாகச் சுருக்கினார்கள், ஆகவே ஒரு பைட்டை எடுக்க இரண்டு முறை போக வேண்டியிருந்தது. அதிக நினைவகம் தின்னும் திரை முறைகளில் படம் வரையப்படும்போது செயலி நின்றே போனது. இவையெல்லாம் வேகம் பற்றியவை. நம் கேள்விக்கு இன்னொன்று முக்கியம்: யூசர் போர்ட்டும் அனலாக் உள்ளீடும் பெட்டியில் இல்லை. பின்னால் ஒரு விரிவாக்க விளிம்பு உண்டு, தனியாகப் பணம் கொடுத்து ஒரு கூடுதல் பெட்டி வாங்கினால் அனலாக் உள்ளீடு கிடைக்கும். விற்பனைப் பட்டியலில் இரண்டு பொறிகளும் ஏறத்தாழ ஒரே கணினி. எழுதிய நிரல்களில் பலவும் இரண்டிலும் ஓடும். ஆனால் ஒன்றில் ஊசலை இணைக்கலாம், மற்றதில் முடியாது. கணினியை வாங்குபவர்கள் இன்றும் பார்ப்பது செயலியின் பெயரையும் நினைவக அளவையும்தான். அந்த இரண்டு வரிகளில் மாடல் பி-க்கும் எலெக்ட்ரானுக்கும் வேற்றுமையே தெரிந்திருக்காது.

விலை பற்றிய மறுப்பை இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். இந்தியா போன்ற நாடு, போர்ட்டுகளுக்குக் கொடுத்த பணத்தில் இன்னும் அதிகக் கணினிகளை வாங்கியிருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் செலவு எங்கே போனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மாடல் பி-யின் விலையைக் கூட்டியவை வேகமான நினைவகமும் வீடியோவுக்கான தனிச் சில்லும் டெலிடெக்ஸ்ட் சில்லும்தான். யூசர் போர்ட்டுக்கு ஆன கூடுதல் செலவு மிகச் சொற்பம். 6522 சில்லுக்கு இரண்டு எட்டு பிட் பக்கங்கள் உண்டு. ஒன்று அச்சுப்பொறிக்குப் போய்விட்டது. மற்றதைச் சும்மா விடாமல் இருபது ஊசி இணைப்பி ஒன்றை வைத்து வெளியே கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். அனலாக்குக்கு ஒரு சில்லு தேவைப்பட்டது. உலகத்துக்குத் திறந்து வைப்பது செலவு பிடிக்கும் காரியம் என்பது உண்மையில்லை. வடிவமைக்கும்போதே அதை நினைத்தால் ஏறத்தாழ இலவசமாகவே கிடைக்கும், பிறகு சேர்க்கப் போனால்தான் தனிப் பெட்டியும் தனி விலையும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. இத்தனை போர்ட்டுகள் இருந்த கணினியைத்தானே இந்தியப் பள்ளிகளுக்கு அனுப்பினோம், கிளாஸ் திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லையே, அப்படியானால் போர்ட்டுகளால் என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். திட்டம் தடுமாறிய காரணங்கள் தெரிந்தவையே. பாட மென்பொருள்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பள்ளிகளுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, நம் பாடத்திட்டத்தோடு ஒட்டவில்லை. ஆசிரியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி. பள்ளி முழுமைக்கும் ஐந்து பொறிகள். நம் பள்ளிகளின் கணினி அறை என்றாலே செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும், பூட்டு தொங்கும் அறை என்ற வழக்கம் நெடுங்காலம் நீடித்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியலில் எங்கேயும் போர்ட்டுகள் பயன்பட்டுத் தோற்றதாக ஒன்றும் இல்லை. அவை தொடப்பட்டதாகவே தெரியவில்லை. கணினி என்பது தனிப் பாடம், அதில் படிக்க வேண்டியது பேசிக் மொழியின் கட்டளைகள் என்று வகுத்துவிட்டதால், இயற்பியல் ஆய்வுக்கூடத்து வெப்பமானியும் கணினி அறையின் அனலாக் உள்ளீடும் ஒரே பள்ளியின் இரண்டு அறைகளில் சந்திக்காமலே கிடந்தன. ஆக, கிளாஸ் திட்டம் நிரூபிப்பது இதுதான்: திறந்த வன்பொருள் இருந்தால் மட்டும் போதாது, அதைத் தொடும் பாடமும் வேண்டும். போதாது என்பதற்கும் தேவையில்லை என்பதற்கும் நிறைய தூரம். 2011-க்குப் பிறகு தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கிடைத்ததை எண்ணிப் பார்க்கலாம். கணிப்பதில் அவை பிபிசி மைக்ரோவை எங்கேயோ விட்டுவிட்டன. ஆனால் ஒரு தெர்மிஸ்டரை நேரே இணைக்க அவற்றில் இடமில்லை. அந்தப் பொறியோடு ஓர் ஊனோ பலகையைச் சேர்த்தால்தான் தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளைகள் ஒரே சோதனையைச் செய்ய முடியும்.

பழையதை எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. பிபிசி மைக்ரோவை ஒவ்வொரு சுழற்சியும் பிசகாமல் நடித்துக் காட்டும் மென்பொருள்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. திரை முறைகளுக்கும் நினைவகத்துக்கும் உள்ள இழுபறியைப் படிக்க அவை அருமையானவை. 640-க்கு 256 புள்ளிகள் கொண்ட திரை முறையில் திரை மட்டும் 20 கிலோபைட்டை எடுத்துக்கொள்ளும். இயக்க முறைமையின் பங்கு 3.5 கிலோபைட் போனால் நிரலுக்கு மிஞ்சுவது 8.5. வெறும் எழுத்து காட்டும் டெலிடெக்ஸ்ட் முறையில் திரைக்கு 1 கிலோபைட் போதும். படம் வேண்டுமா, நிரல் வேண்டுமா என்ற இந்தத் தேர்வை எமுலேட்டரில் முழுமையாகக் கற்கலாம். ஆனால் எமுலேட்டரின் அனலாக் உள்ளீட்டில் அறையின் வெப்பம் வராது. டயோடு சூடேறி ஒப்பளவு சரிவதும் அங்கே நிகழாது. ராஸ்ப்பெரி பை இருக்கிறதே என்ற பதிலும் பாதிதான் சரி. அதன் மாடல்களுக்கு ஏ, பி என்று பெயரிட்டதே பிபிசி மைக்ரோவின் நினைவாகத்தான். கேரள அரசும் 2015 வாக்கில் பள்ளி மாணவர்களுக்கு அதை வழங்கியது. நாற்பது ஊசிகளைப் பலகையின் விளிம்பிலேயே திறந்து வைத்திருக்கும் அருமையான பொறி அது. ஆனால் அந்த ஊசிகளில் ஒன்றுகூட அனலாக் உள்ளீடு இல்லை. மேலே லினக்ஸ் பல வேலைகளைப் பகிர்ந்து ஓட்டுவதால் மைக்ரோ நொடிக் கணக்கை எளிதாக நம்பவும் முடியாது. கைட் நிறுவனம் எட்டு பிட் ஊனோவைத் தேர்ந்தெடுத்ததில் இருந்த விவேகம் இங்கேதான் தெரிகிறது. ஆறு அனலாக் தடங்கள், ஒரே நேரத்தில் ஒரே நிரல், 65122-இல் பார்த்த அதே திசைப் பதிவகம், அதே விதி: 1 என்றால் வெளியே, 0 என்றால் உள்ளே. 2025-26 முதல் பத்தாம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் ரோபாட்டிக்ஸ் பாடமாகியிருப்பதால், கிளாஸ் காலத்தில் விடுபட்ட அந்தப் பாடப் பகுதியும் இப்போது வந்துவிட்டது.

பிபிசி மைக்ரோவின் அடிப்பக்கத்தில் டியூப் என்ற இணைப்பி ஒன்று இருந்தது என்றேன். இன்னொரு செயலியை வெளியே வைத்து, அதற்கு இந்தக் கணினியையே விசைப்பலகையாகவும் திரையாகவும் வட்டாகவும் பயன்படுத்திக்கொள்ளும் வழி அது. 6502-ஐ மிஞ்சும் செயலி ஒன்றைத் தாங்களே வடிவமைக்க ஏகார்னின் பொறியாளர்கள் ஸ்டீவ் ஃபர்பரும் சோஃபி வில்சனும் முனைந்தபோது, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ரிஸ்க் எனப்படும் சுருங்கிய கட்டளைத் தொகுதி ஆய்வுகளைப் படித்தார்கள். புதிய செயலியின் கட்டளைத் தொகுதியை வில்சன் முதலில் பிபிசி பேசிக்கிலேயே நடித்துப் பார்த்தார். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் ஏஆர்எம் சில்லு உயிர்பெற்றது, டியூப் வழியாக ஒரு பிபிசி மைக்ரோவில் செருகப்பட்டுத்தான். இன்று நம் கைபேசிகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருப்பது அதன் வழிவந்த செயலிகளே. வெளியே இருந்து எதையும் இணைக்கலாம் என்று வடிவமைத்தவர்களுக்கே அந்த வாய்ப்பு முதலில் உதவியது.

அதே பெர்க்லியில் 2010-இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாக வைத்து, வேகா என்ற செயலிக் குடும்பத்தைத் சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரம் மையம் வடிவமைத்திருக்கிறது. 1973-இல் கே. பி. பி. நம்பியார் தலைமையில் தொடங்கிய கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரானின் ஆய்வுப் பிரிவாக வேர்விட்டு, பிறகு மத்திய அரசின் கீழ் வந்து, சி-டாக்கோடு இணைந்த மையம் அது. வேகா குடும்பத்தின் தேஜஸ்32 சில்லு 100 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 256 கிலோபைட் நினைவகமும் 32 பொது ஊசிகளும் கொண்டது. அதைத் தாங்கும் ஏரீஸ் பலகைகளுக்கு ஆர்டுயினோ மென்பொருளிலேயே நிரல் எழுதலாம். பள்ளிகளுக்குப் பெட்டிகள் அனுப்பும் கைட்டும், சில்லு வடிவமைக்கும் சி-டாக்கும் ஒரே ஊரில் இருக்கின்றன. அடுத்த சுற்றில் அந்தப் பெட்டிக்குள் ஏரீஸ் பலகை இருக்க வேண்டும் என்று விரும்புவதற்கு உள்ளூர்ப் பெருமை ஒரு காரணம்தான், முதன்மைக் காரணம் அல்ல. முப்பத்திரண்டு பிட் செயலி ஒரு பள்ளி மாணவருக்கு முழுமையாகப் பிடிபடுமா என்று ஐயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு: 6502-க்குக் கட்டளைகள் 56. ரிஸ்க்-ஃபைவின் அடிப்படை முப்பத்திரண்டு பிட் தொகுதிக்கு 40. எட்டிலிருந்து முப்பத்திரண்டுக்குப் போனதால் கற்க வேண்டியது கூடவில்லை, குறைந்திருக்கிறது. தொகுதி திறந்தது என்பதால் அதன் விவரத்தை யாரும் காசு கொடுக்காமல் படிக்கவும் அச்சிடவும் மொழிபெயர்க்கவும் முடியும்.

பலகையும் சில்லும் இருக்கின்றன; இல்லாதது பள்ளி மாணவருக்கான கையேடு. பிபிசி மைக்ரோவை வாங்கியவருக்குப் பெட்டியோடு 500 பக்கங்களுக்கு மேல் வந்த கையேட்டில், பேசிக் கட்டளைகளோடு நினைவக வரைபடமும் ஒவ்வொரு இணைப்பியின் ஊசி விவரமும் இருந்தன. அது ஆங்கிலத்தில் இருந்தது என்பது கிளாஸ் திட்டத்தின் குறைகளோடு சேர்க்க வேண்டிய இன்னொன்று. கேரளப் பள்ளிப் பாடநூல்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகின்றன. ஐசிடி எனப்படும் தகவல் தொழில்நுட்பப் பாடம் இன்று தொடங்குவது, தயாராக உள்ள கட்டளையை எடுத்து விளக்கை எரியவைப்பதில். அதற்கு அடுத்த அத்தியாயமாக அந்தக் கட்டளை எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதுகிறது, திசைப் பதிவகம் எங்கே, ஒப்பளவு மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது, சூடேறினால் அது எவ்வளவு மாறும் என்று நான்கு மொழிகளிலும் எழுதிச் சேர்க்க வேண்டும். இருபது பக்கம் போதும். அதற்குத் தேவையான சில்லின் விவரங்களைத் தர அதை வடிவமைத்தவர்கள் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறார்கள்.